0.94 வைத்துக்கொண்டு கெம்பஸுக்கு விண்ணப்பிக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கச்சி நுவரெலியா மாவட்டத்தில் உயர்தரம் உயிரியல் பிரிவு எழுதியிருக்கிறாள், இரண்டாவது தடவை, ஒரு பி இரண்டு சி, இசட் புள்ளி 0.94. கண்டியில் படித்த மாமா மகனுக்கு 1.2 வந்தும் கெம்பஸ் (பல்கலைக்கழக இடம்) கிடைக்கவில்லையாம். அதனால் "அவனுக்கே இல்லையாம், இவளுக்கு எங்க கிடைக்கப்போகுது" என்று வீட்டில் பேச்சு. எத்தனை இசட் இருந்தால் போதும் என்பதுதான் அவர் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: விண்ணப்பம் போடுவதா, மூன்றாம் தடவைக்கு உட்கார வைப்பதா, இல்லை கொழும்பில் கடை வேலைக்கு அனுப்பிவிடுவதா. நான் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கு ஒற்றை இலக்கத்தில் பதில் கிடையாது.

ஹட்டன் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் 19 வருடமாக உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். பெறுபேறு வந்த பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் புரட்டி விண்ணப்பம் நிரப்புவது ஒவ்வொரு வருடமும் எனக்கு இன்னொரு வேலை. நான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் வேலை செய்கிறவன் இல்லை, இந்த வருட வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு படிப்புக்குள் போகக் குறைந்தது எவ்வளவு இசட் வேண்டும் என்பது, என்ன வரும் என்று சொல்ல என்னால் முடியாது. வேறு யாராலும் முடியாது. முகநூலில் இலக்கம் போட்டு "உறுதியாகக் கிடைக்கும்" என்று சொல்கிறவர்கள் போன வருட அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த இலக்கம் எப்படி உண்டாகிறது என்பதை முழுக்கச் சொல்ல முடியும், அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இசட் புள்ளி என்பது மார்க் கிடையாது, சித்தியடையும் எல்லையும் கிடையாது. ஒரு பாடத்தில் எல்லாரும் எடுத்த சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறாள் என்பதை அந்தப் பாடத்தின் நியம விலகலால் (மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவால்) அளந்து சொல்வதுதான் அது. ஒரு உதாரணம் போடுகிறேன், இலக்கங்கள் கணக்கு விளங்குவதற்காக நானே வைத்தவை. பௌதிகவியலில் நாட்டுச் சராசரி 40, நியம விலகல் 16, பிள்ளை 72 எடுத்திருக்கிறாள் என்றால் 72 இலிருந்து 40 ஐக் கழித்து 16 ஆல் வகுக்க 2.0 வரும். உயிரியலில் சராசரி 55, விலகல் 12, அவள் எடுத்தது 73 என்றால் 1.5. பாருங்கள், 73 எடுத்த பாடத்தில் கிடைத்தது 72 எடுத்த பாடத்தில் கிடைத்ததை விடக் குறைவு. இரசாயனவியலில் சராசரி 45, விலகல் 20, எடுத்தது 55 என்றால் 0.5. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.3333. பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம தானத்துக்கு வருவது இதுதான். ஆகவே ஏ, பி, சி என்ற எழுத்துகளை எண்ணிப் பார்த்து "அவளுக்கு ஒரு ஏ கூட, எனக்கு ஏன் இசட் குறைவு" என்று அழவேண்டியதில்லை. 75 எடுத்தாலும் ஏ, 95 எடுத்தாலும் ஏ, எழுத்தில் அந்த இருபது மார்க் தெரியாது, இசட்டில் தெரியும்.

பிரிவுக்குப் பிரிவு ஒப்பிடுவதும் வேண்டாம். கலைப் பிரிவில் 1.2 வாங்கிய பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப்) பிள்ளையும் உயிரியலில் 0.94 வாங்கிய உங்கள் தங்கச்சியும் நிற்பது வேறு வேறு வரிசை. உயர்தரத்தோடு சேர்த்து எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சை (இது சாதாரண தரம் அல்ல) மார்க்கும் பொது ஆங்கிலமும் இசட்டில் சேராது. ஆனால் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 எடுத்திருக்க வேண்டும், மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி) இருக்க வேண்டும், இது இல்லாவிட்டால் இசட் எவ்வளவு இருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது. அந்த 30 ஐ இன்றைக்கே பெறுபேற்றுத் தாளில் பார்த்துவிடுங்கள். மூன்று பாடமும் நன்றாகச் செய்துவிட்டு அதில் 28 எடுத்த பிள்ளை ஒன்றை எனக்குத் தெரியும்.

சரி, அப்புறம் கண்டி விஷயம். அரச பல்கலைக்கழக இடங்களில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைக்கு ஏற்ப, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மலையகத்தில் நுவரெலியா, பதுளை இரண்டும் அந்தப் பதினாறில் உண்டு. இரத்தினபுரியும் மொனராகலையும் கூட உண்டு. கண்டி இல்லை, மாத்தளை இல்லை, கேகாலை இல்லை. உங்கள் மாமா மகனும் உங்கள் தங்கச்சியும் ஒரே வினாத்தாள் எழுதினாலும் மாவட்ட ஒதுக்கீட்டில் நிற்பது ஒரே வரிசை அல்ல. அவன் கண்டிப் பட்டினத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறான். அவனுக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்காது என்பதற்குச் சாட்சியே இல்லை. அதோடு அவன் எதற்கெல்லாம் விண்ணப்பித்தான் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். "கிடைக்கவில்லை" என்று சொல்கிற பல பிள்ளைகள் வைத்தியம், பல் வைத்தியம், மிருக வைத்தியம் மூன்றையும் மட்டும் போட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெறுமையாக விட்டவர்கள்.

இந்த மாவட்ட ஒதுக்கீட்டை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுக்க 200 இடம் என்று வையுங்கள். 80 திறமைக்கு, 110 மாவட்டங்களுக்கு, 10 அந்தப் பதினாறுக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்துச் சனத்தொகை ஏறத்தாழ 711,000, நாட்டுத் தொகையில் சுமார் மூன்றரை வீதம். 110 இல் மூன்றரை வீதம் என்றால் நான்கு இடம். அதற்கு மேல் அந்தப் பத்தில் இருந்து ஒன்று வரலாம். அவ்வளவுதான்! ஐந்து பேர் போகிற வரிசையில் ஒரு பிள்ளை தன் முதல் விருப்பமாக வேறு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால் ஆறாவது பிள்ளை உள்ளே வருகிறது, வெட்டுப்புள்ளி அந்தப் பிள்ளையின் இசட்டுக்கு இறங்குகிறது. வெட்டுப்புள்ளி என்பது ஆணைக்குழு முன்கூட்டித் தீர்மானித்துப் போடுகிற கோடு இல்லை, கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் அது. அதனால்தான் சின்ன மாவட்டங்களில் அந்த இலக்கம் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்குகிறது. அட்டவணையில் சில இடங்களில் இலக்கத்துக்குப் பதில் என்.கியூ.சி. என்று போட்டிருக்கும், அந்த மாவட்டத்திலிருந்து அந்தக் கற்கைநெறிக்குத் தகுதியானவர் யாரும் இல்லை என்று அதற்கு அர்த்தம். தகுதியானவர் இருந்திருப்பார், விண்ணப்பிக்கத் தெரிந்திருக்காது என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மனதில் படும்.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சட்டத்தில் உள்ளதல்ல. மாவட்ட ஒதுக்கீடு 1974 இல் வந்தது. அதற்கு முந்திய மொழிவாரித் தரப்படுத்தல் (பரீட்சை எழுதிய மொழிக்கு ஏற்ப வேறு வேறு மார்க் கேட்ட முறை) வடக்கில் உண்டாக்கிய காயம் எல்லாருக்கும் தெரியும், அதற்குள் நான் இப்போது போகவில்லை. ஆனால் "மாவட்டம்" என்ற அளவுகோல் தோட்டத்துப் பிள்ளையை அளக்கவில்லை. நுவரெலியா மாவட்டத்துக்கு என்று கிடைக்கிற நான்கு இடத்துக்கு நகரத்துப் பிள்ளையும் கிராமத்துப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் ஒன்றாகத்தான் போட்டி போடுகிறார்கள், தோட்டத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. ரத்தோட்டைப் பக்கம் தோட்டத்தில் பிறந்த பிள்ளை மாத்தளை மாவட்டம், யட்டியாந்தோட்டைப் பக்கம் பிறந்தது கேகாலை மாவட்டம், அவர்களுக்கு அந்த 5 வீதமும் கிடையாது, வறுமையும் ஆசிரியர் பற்றாக்குறையும் அப்படியே இருக்கும். கினிகத்தேனைக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையில் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் ஒன்று நுவரெலியா மாவட்டம், மற்றது கண்டி. பாடசாலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் வரிசை மாறுகிறது. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எங்கே படித்தாள் என்பதுதான் முக்கியமாகப் பார்க்கப்படும். பாதியில் மாவட்டம் மாறியவர்கள் கைநூலில் மாவட்டம் பற்றிய பந்தியை ஒரு சொல் விடாமல் வாசித்து, அதிபரிடம் அத்தாட்சி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தங்கச்சி முழுக்க ஒரே பாடசாலை என்றால் இந்தக் கவலை இல்லை.

இசட் முறையை நம்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2001 இலிருந்து இது நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் பாட மார்க்குகளை அப்படியே கூட்டினார்கள், கஷ்டமான பாடம் எடுத்தவன் தோற்றான். கணக்கு என்ற அளவில் இது நியாயமான முறை, நான் அதில் சந்தேகப்படவில்லை. ஒரு தடவை பிழைத்தது: 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு கூட்டத்தை ஒன்றாகக் கலந்து இசட் போட்டார்கள், உயர்நீதிமன்றம் 2012 இல் அதை இரத்துச் செய்து இரண்டையும் தனித்தனியாகக் கணிக்கச் சொன்னது. சூத்திரம் பிழையில்லை, எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பிழை வந்தது. உங்கள் வீட்டிலும் அதே பிழைதான் நடக்கிறது, கண்டியோடு ஒப்பிடுகிறீர்கள்.

இனி 0.94. வைத்தியத்துக்கு இது எட்டாது, அதில் சந்தேகமில்லை, அந்த நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள தாதியர், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் போன்றவை மேல் வரிசை, போடலாம், எதிர்பார்த்து உட்கார வேண்டாம். அதற்குக் கீழே உயிரியல் விஞ்ஞானம், விவசாயம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் உள்ள சித்த மருத்துவம், பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் உள்ள ஏற்றுமதி விவசாயம், விலங்கு விஞ்ஞானம் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. கடந்த மூன்று வருட வெட்டுப்புள்ளி அட்டவணையை எடுத்து, நுவரெலியா நிரலை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று வருடமும் 0.94 க்குக் கீழே இருந்தால் நல்ல வாய்ப்பு, ஒரு வருடம் மட்டும் கீழே என்றால் ஊசலாட்டம், மூன்றும் மேலே என்றால் கஷ்டம். இதுதான் எங்களால் செய்யக்கூடிய மிக நேர்மையான கணிப்பு. உயிரியலுக்குப் பதில் அல்லது பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுத்த பிள்ளைகள் என்றால் எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடச் சேர்க்கை என்பதை முதலில் பாருங்கள், சிலவற்றுக்கு அந்தச் சேர்க்கை செல்லாது.

விருப்ப வரிசை பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும், என் அனுபவத்தில் பிள்ளைகள் இடத்தை இழப்பது இசட்டில் இல்லை, இங்கேதான். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு யுனி-கோட் உண்டு. மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் பிள்ளையின் இசட் எந்த முதல் இடத்துக்குப் போதுமோ அங்கே போட்டுவிட்டு அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆகவே மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதுக்கு ஒரு நட்டமும் இல்லை. "பெரிசாப் போட்டா கீழ உள்ளதும் போயிரும் சேர்" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சொல்வார்கள், அப்படி இல்லை. உண்மையில் எதை அதிகம் விரும்புகிறாளோ அதை மேலே போடட்டும், தகுதியுள்ள எல்லாவற்றையும் கீழ்வரை போடட்டும், ஆனால் கிடைத்தால் போகமாட்டேன் என்பதை மட்டும் போட வேண்டாம். சில வருடத்துக்கு முன் என் மாணவன் ஒருவன் அவசரத்தில், பஸ் கிட்ட என்று விருப்ப வரிசையில் யாழ்ப்பாணத்துக்கு மேலே வேறொரு இடத்தை, தான் படிக்க விரும்பாத பாடத்துக்கு, இரண்டாவதாகப் போட்டுவிட்டான். அதுதான் கிடைத்தது. அவன் விரும்பிய உயிரியல் விஞ்ஞானம் நான்காவதாக இருந்தது, வெட்டுப்புள்ளி வந்தபோது அதற்கும் அவன் இசட் போதும் என்று தெரிந்தது. இன்னும் ஒன்று, கட்டடக்கலை, வடிவமைப்பு, பேச்சும் கேட்டலும் விஞ்ஞானம் போன்ற சிலவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு, அதற்குப் பல்கலைக்கழகத்துக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். கைநூலில் அடையாளம் போட்டிருப்பார்கள்.

அடுத்தது எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம், தயவுசெய்து இதைச் சின்னதாக நினைக்காதீர்கள். லயத்துக்குத் தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதம் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் போகும். ஒபிஸில் மேசைக்கு மேலே கட்டாகக் கிடக்கும், யாராவது பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு) போகும்போது எடுத்துவந்தால் உண்டு. என் பழைய மாணவி ஒருத்திக்கு வந்த கடிதம் அவள் கைக்குக் கிடைத்தபோது அதில் போட்டிருந்த திகதி முடிந்து ஒன்பது நாள். கடித உறை ஒரு மூலையில் நனைந்து முத்திரை உரிந்திருந்தது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடசாலை வாசலில் நின்றாள். நாங்கள் எங்கெங்கோ பேசிப் பார்த்தோம், சரிவரவில்லை. இப்போது விண்ணப்பமும் தெரிவு அறிவித்தலும் பதிவும் இணையத்தில் நடப்பதால் அந்த ஆபத்து குறைந்திருக்கிறது, ஆனால் வேறு வடிவத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தில் கொடுக்கிற தொலைபேசி இலக்கம் கொமியூனிகேஷன் கடைக்காரருடையதாக இருக்கக்கூடாது, மின்னஞ்சலும் கடைக்காரர் திறந்து கொடுத்ததாக இருக்கக்கூடாது. பாஸ்வேர்ட் தங்கச்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிம் கார்ட்டை மாற்றுவதென்றால் பதிவு முடியும்வரை மாற்றாதீர்கள். தெரிவானதும் குறித்த நாட்களுக்குள் பதிவு செய்து உறுதிப்படுத்தாவிட்டால் இடம் போய்விடும். தேசிய அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் வேறு வேறாக இருந்தால், தோட்டத்தில் இது ரொம்பச் சாதாரணம், அதை இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள்.

மூன்றாம் தடவை பற்றி. உயர்தரத்துக்குப் பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை தோற்றலாம், அவளுக்கு ஒன்று மிச்சம். இந்த வருடம் விண்ணப்பித்தால் அந்தச் சந்தர்ப்பம் போய்விடாது, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். வெட்டுப்புள்ளி வர மாதக் கணக்கில் ஆகும், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது வீண், படித்துக்கொண்டே இருக்கட்டும். ஆனால் ஒன்று கிடைத்துப் பதிவு செய்த பிறகு அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, பதிவு செய்யும் முன் கைநூலில் அந்தப் பந்தியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். மூன்றாம் தடவையில் இசட் கூடுமா என்று கேட்டால், எந்தப் பாடம் இழுத்தது என்று பார்த்துத்தான் சொல்லலாம். ஆசிரியரே இல்லாமல் ஒரு வருடம் ஓட்டிய பாடத்தில் சி என்றால் ஏறுவதற்கு இடம் உண்டு. மூன்றும் முழு உழைப்போடு எழுதி வந்தது என்றால், இன்னொரு வருட ரியூசன் காசும் தங்குமிடமும் அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில் என்ன செய்யும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கணக்கை நான் போட முடியாது, நீங்கள்தான் போட வேண்டும்.

கெம்பஸ் வராமல் போனாலும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது, கோரல் வரும்போது விண்ணப்பியுங்கள், விஞ்ஞானம் படித்த தமிழ் ஆசிரியருக்கு எங்கள் பாடசாலைகளில் இன்றைக்கும் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டியிலும் பதுளையிலும் நிலையம் உண்டு. கிடைத்துவிட்டால், காசு இல்லை என்று அனுப்பாமல் இருக்காதீர்கள், மகாபொல, பர்சரி என்ற உதவித்தொகைகள் இருக்கின்றன, கெம்பஸ் படிப்புக்குக் கட்டணமும் கிடையாது.

அவளிடம் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, நுவரெலியா நிரலை எழுதச் சொல்லுங்கள் தம்பி. எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இதே இடத்தில் போடுங்கள், யுனி-கோட் வரிசையை நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன். அடையாள அட்டை இலக்கமும் சுட்டெண்ணும் படத்தில் விழாமல் மறைத்துவிடுங்கள்.